இருவர் மேசை

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் ஒரு நண்பர் வீட்டு வண்டிக் கொட்டகையில், சனிக்கிழமை மாலைகளில், ஒன்பது பேர் வட்டமாக அமர்ந்து போக்கர் ஆடுவோம். அந்த மேசைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஓர் ஆட்டத்தில் மற்றவரெல்லாம் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட, கணவனும் மனைவியும் மட்டும் எஞ்சினால், ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இருவரும் தத்தம் சீட்டுகளைத் திறந்து காட்டாமல் கட்டுக்குள் செருகிவிட வேண்டும். நடுவில் குவிந்திருப்பதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தவர், எல்லாருக்கும் அவர் அண்ணர். தொடக்க காலத்தில் ஒரு தம்பதி ஒருவரையொருவர் துரத்தித் துரத்திப் பந்தயம் ஏற்றி, கடைசியில் சீட்டுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு சண்டையில் கொண்டுபோய் முடித்து, இடியப்பத்தைத் தொடாமலே புறப்பட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து இந்த விதி. அப்படியொரு கணம் நேரும்போதெல்லாம் அண்ணர் மேசையில் தட்டி, "வீட்டுக் கணக்கை வீட்டில பாருங்கோ!" என்று கூவுவார். மேசை முழுவதும் சிரிக்கும்.

நானும் என் கணவரும் அந்த மேசையில் பல ஆண்டுகள் எதிரெதிரே அமர்ந்திருக்கிறோம். அவர் மற்றவரோடு மோதும்போது அவருடைய சீட்டுகளைக் கண்டிருக்கிறேன். எனக்கு எதிராக அவர் வைத்த பந்தயத்தின் பின்னால் என்ன இருந்தது என்பதை மட்டும் ஒருமுறையும் கண்டதில்லை. எங்கள் வீடிருக்கும் ரானுயிக்குத் திரும்பும் வழியில், "இன்னைக்கு என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்பேன். அண்ணரின் குரலை அப்படியே வாங்கி, "வீட்டுக் கணக்கு," என்பார். வீட்டுக்குப் போன பின்னும் சொன்னதில்லை.

பணம் வைத்து நாங்கள் ஆடியதில்லை. பால் புட்டிகளின் மூடிகளே எங்கள் நாணயம். கொழுப்பு நீக்காத பாலுக்கு நீல மூடி. நீக்கிய பாலுக்குப் பச்சை. தயிர் கெட்டியாக உறைய வேண்டும், தேநீருக்கு நிறம் வேண்டும் என்று எங்கள் வீடுகளிலெல்லாம் நீலமே வாங்கினார்கள். பச்சை வாங்கியவர் ஒருவர்தான்: ஈப்போவில் பிறந்து வளர்ந்து, இங்கே ஒரு பல் மருத்துவரிடம் பணியாற்றிய அக்கா. அருமையின் காரணமாக ஒரு பச்சை மூடிக்குப் பத்து நீல மூடி என்று விலை வைத்தோம். மேசையில் புழங்கிய செல்வமெல்லாம் அவர் வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து வந்தது. ஆனால் ஒவ்வொரு வாரமும் வெறுங்கையோடு எழுந்து போனவரும் அவரே.

"பச்சப் பால் குடிச்சு நா மெலியவும் இல்ல, பச்ச மூடிய வச்சு ஜெயிக்கவும் இல்ல லா," என்பார்.

"பிள்ளை, நீங்கள் பாலை விடுங்கோ. மூடியை மட்டும் கடையில கேட்டு வாங்குங்கோ," என்பார் அண்ணர்.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகக் கிடைக்கும். பொதுவாக ஐந்து சீட்டுகள் மேசை நடுவே படிப்படியாகத் திறக்கும். ஒவ்வொரு படியிலும் பந்தயம் வைக்கலாம், பிறர் வைத்ததற்கு ஈடு வைக்கலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். ஒன்பது பேர் ஆடும் மேசையில் எவரேனும் ஒருவரிடம் நல்ல சீட்டு இருந்தே தீரும். ஆகவே அங்கே பொறுமையே கலை. வருவதில் பெரும்பகுதியைக் கவிழ்த்துவிட்டு, இராணியோ இராசாவோ சோடியாக வரும்வரை காத்திருப்பவர் மெல்லமெல்ல மேலேறுவார். காத்திருப்பதில் எனக்கு நிகர் அந்தக் கொட்டகையில் எவருமில்லை. எங்கள் மகள் மூலையிலிருந்த பழைய சோபாவில் பாடப்புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு ஆட்டத்தைக் கவனிப்பாள். இந்நாட்டில் பிறந்தவள், நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் விடையளிப்பாள். "யூ ஆல்வேஸ் ஃபோல்ட், அம்மா," என்றாள் ஒருநாள். எப்போதும் கவிழ்த்துவிடுகிறாய் என்று பொருள். அதை ஒரு பாராட்டாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு, என் கணவர் வேலை செய்த தொழிற்சாலை அவர் இருந்த பிரிவை மூடியது. இயந்திரங்களின் கட்டுப்பாட்டமைப்பைக் கவனிப்பது அவர் தொழில். ஆக்லாந்தில் பல இடங்களுக்கு விண்ணப்பித்தார். நேர்காணலுக்கு அழைத்தார்கள், அவரைவிட இளையவர்கள் எதிரே அமர்ந்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள், சில நாளில், வருந்துகிறோம் என்ற மறுமொழி வந்தது. ஒவ்வொரு மறுமொழிக்குப் பின்னும் அவர் தோட்டத்துப் புல்லை வெட்டினார். அந்தப் பருவத்தில் எங்கள் தெருவிலேயே எங்கள் புல்தான் குட்டையாக இருந்தது. கடைசியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி கிடைத்தது. ஓராண்டு ஒப்பந்தம்.

"ஒரு வருஷம்தானே. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்," என்றார், விமான நிலையத்தில்.

ஓராண்டு ஓடியது, ஒப்பந்தம் நீண்டது, இரண்டாம் ஆண்டும் பாதி கழிந்தது. சில மாதங்களுக்கொருமுறை ஒரு வாரம் வந்து தங்கிப் போவார். வந்த மூன்றாம் நாளே திரும்பிப் போவதற்கான பெட்டி கூடத்தில் நிற்கத் தொடங்கிவிடும். அவர் மீண்டு வந்து ரானுயி வீட்டில் எங்களோடு வாழ்வாரா என்பது ஒன்றுதான் அந்நாட்களில் என் முன்னிருந்த கேள்வி. அதை நான் அவரிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

தொலைபேசி நாளடைவில் மெலிந்தது.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"தூங்கறீங்களா ஒழுங்கா?"

"பரவால்ல. பாப்பா?"

"நெட்பால் முடிச்சு வந்து குளிக்கிறா."

அப்புறம் இருவரும் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். ஒரு சனிக்கிழமை அவரே சொன்னார்: "ஃபோன காதுல வச்சுக்கிட்டு இப்படி மூச்சு விட்டுக்கிட்டு இருக்கறதுக்குச் சீட்டாவது ஆடலாம்."

இணையத்தில் பணமின்றி ஆடும் தளம் ஒன்று இருந்தது. கடவுச்சொல் வைத்து, இருவர் மட்டும் நுழையக்கூடிய மேசை ஒன்றை அவர் திறந்தார். இரவுப் பணி முடித்து, சுரங்க முகாமின் உணவுக்கூடத்தில் உண்டுவிட்டு அவர் அறைக்கு வரும் விடியற்காலை, ஆக்லாந்தில் முற்பகல் பதினொன்று. மகளை விளையாட்டுத் திடலிலிருந்து அழைத்து வந்து, சேற்றுக் காலணியை வாசலில் கழற்ற வைத்து, துணிகளைக் கொடியில் விரித்துவிட்டு, சமையலறை மேசையில் கணினியைத் திறப்பேன். பக்கத்தில் ஒலிபெருக்கி நிலையில் தொலைபேசி. திரையில் நீள்வட்டமான பச்சை மேசை. அதன் இரு முனைகளில் இரண்டு வட்டங்கள். ஒன்று நான், மற்றது அவர்.

படுதோல்வி. தொடர்ந்து சில வாரங்கள் அவ்வளவுதான். கொட்டகையில் கற்ற பொறுமையை அப்படியே கொண்டுவந்திருந்தேன், அதுதான் தவறு. ஒன்பது பேர் மேசையில் சீட்டு வழங்குமுன் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம் ஒவ்வொருவருக்கும் எப்போதோ ஒருமுறை முறைவைத்து வரும். இருவர் மேசையிலோ ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவரும் வைத்தாக வேண்டும். அங்கே காத்திருப்பவன் காத்திருக்கவில்லை, கரைந்துகொண்டிருக்கிறான். நான் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்த்தேன். அவர் ஏற்றினால் விலகினேன். ஒருமுறை எனக்குச் சோடி இராணிகள் வந்தன; மகிழ்ந்து ஏற்றினேன்; இவ்வளவு நேரம் வாய் திறக்காதவள் ஏற்றுகிறாள் என்றதும் அவர் உடனே விலகிக்கொண்டார். நான் வென்றது கட்டாயப் பந்தயத்தின் சில்லறை மட்டும்.

விலகியவருக்கு எதிராளியின் சீட்டை அத்தளம் காட்டுவதில்லை. ஆகவே அண்ணரின் விதி அங்கே இல்லாதபோதும், நானே அதைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தேன். வாரங்கள் கழிந்தும் அவருடைய சீட்டை நான் காணவில்லை.

ஒருநாள் அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"நீ ஆடவே மாட்டேங்கிற."

"ஆடிட்டுத்தானே இருக்கேன்?"

"எங்க? நான் ஏத்தறேன், நீ போட்டுட்டுப் போற. இங்க நான் மட்டும் தனியா உக்காந்து ஆடற மாதிரி இருக்கு."

தனியாக என்ற சொல்லை அவர் அதற்குமுன் என்னிடம் உச்சரித்ததில்லை. அடுத்த ஆட்டத்தில் என்னிடம் ஓர் இராசாவும் ஒரு நான்கும் இருந்தன. பொதுச் சீட்டில் ஒரு நான்கு விழுந்தது. சிறிய சோடி, ஒன்பது பேர் மேசையில் அதை வைத்துக்கொண்டு ஒரு நீல மூடிகூட ஈடு வைக்கமாட்டேன். அவர் பெரிய தொகை ஏற்றினார். நான் ஈடு வைத்தேன். மீண்டும் ஏற்றினார். மீண்டும் வைத்தேன். கடைசிச் சீட்டும் திறந்தபின், திரையின் மறுமுனையில் அவருடைய இரண்டு சீட்டுகளும் புரண்டன.

ஒன்றுமில்லை. ஓர் ஒன்பதும் ஓர் இரண்டும். எதனோடும் சேராதவை.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் நிதானமானவர் என்று பெயரெடுத்தவர் இவர். இத்தனை ஆண்டுகளில் இவர் ஏற்றியபோது விலகியவர் எத்தனை பேர்? அவற்றில் எத்தனை வெறுங்கை? "அடப்பாவி!" என்றேன், மரியாதை மறந்து. தொலைபேசியில் அவர் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

அன்றிலிருந்துதான் நான் கற்கத் தொடங்கினேன். இடையில் வேறு நாட்களில், அதே தளத்தில் அயலார் ஒன்பது பேர் அமரும் மேசைகளிலும் ஆடிப் பார்த்தேன். அங்கே எனக்கு ஒன்றும் குறையில்லை. பழைய பொறுமை பழையபடியே பலன் தந்தது. ஆனால் அந்த வெற்றி சனிக்கிழமைக்கு எள்ளளவும் உதவவில்லை. பலர் கூடிய மேசையில் கற்பது சீட்டைப் பற்றி: எந்தச் சோடி எந்த இடத்தில் நிற்கும், எது விழும் என்பதைப் பற்றி. எட்டு முகங்களில் எதையும் ஊன்றி நோக்க அங்கே நேரமில்லை, நோக்கவும் தேவையில்லை. இருவர் மேசையில் சீட்டு ஒரு சாக்கு. பெரும்பாலான ஆட்டங்களில் இருவரிடமும் உருப்படியாக ஒன்றும் இராது. ஓர் இராசா இருந்தாலே செல்வந்தர். அங்கே கேள்வி, என்னிடம் என்ன இருக்கிறது என்பதன்று. இந்த மனிதர், இந்த வேளையில், எதை நான் நம்ப வேண்டுமென்று விரும்புகிறார் என்பது.

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் என் பணி நுண்ணோக்கியின் கீழ் ஒரே வகைப் பொருளை நாள்முழுதும் பார்ப்பது. ஒன்றையே ஆயிரம்முறை பார்ப்பவர் கண்ணுக்கு ஒருநாள் மாறுபாடு தானாகவே வந்து நிற்கும் என்பதை அங்கே அறிந்திருந்தேன். சனிக்கிழமை ஆட்டங்களைத் திங்கள் காலையில் ரானுயி நிலையத்தில் தொடர்வண்டி ஏறி அமர்ந்ததும் மனத்தில் மீண்டும் ஆடுவேன். இந்த இடத்தில் ஏன் விலகினேன்? அச்சத்தினாலா, காரணத்தோடா? அந்த இடத்தில் ஏன் அவர் அவ்வளவு ஏற்றினார்? வண்டி நகரை அடையும்முன் ஓர் ஆட்டமாவது தெளிவாகும். முதல் சீட்டிலேயே நான் ஏற்றத் தொடங்கினேன். அவருக்குச் சோர்வு தட்டும் கடைசி அரைமணியில் கூடுதலாக ஏற்றினேன். நான் மாறியதை உணர்ந்து அவரும் மாறினார். அவர் மாறியதை உணர்ந்து நானும். பேச்சில் நாங்கள் இழந்திருந்த ஏதோ ஒன்று இந்த மாறிமாறித் திருத்திக்கொள்ளலில் திரும்பிவந்ததுபோல் இருந்தது. ஒருவர் மற்றவரைக் கவனித்துக்கொண்டிருந்தோம், வேறென்ன.

ஒன்றைமட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை; ஏனெனில் அதை அவர் அறியவில்லை. கையில் நல்ல சீட்டு வந்துவிட்டால் அவர் பேசத் தொடங்குவார். முகாமில் யார் யாரோடு சண்டை, சமையற்காரன் மிளகாய்த்தூளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான், சன்னலுக்கு வெளியே இரவில் வந்து நின்ற கங்காரு என்று கதை நீளும்; பந்தயமும் சிறியதாக, மெதுவாக வரும். வெறுங்கையாக இருந்தாலோ பேச்சு அறுந்துவிடும். ஒரு சொல், இரண்டு சொல். பந்தயம் விரைந்து வரும், பெரிதாக வரும். கொட்டகையில் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தமையால் இது எவர் காதிலும் விழுந்ததில்லை. என் காதிலும்தான்.

இதைக் கண்டுகொண்ட சனிக்கிழமையன்று நான் மிகுதியாக வென்றேன். வென்றுவிட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனேன். ஒரு போர்வையை மடிக்கும்போது கை நின்றுவிட்டது. அந்த ஒன்றரை ஆண்டில் சீட்டில்லாத வேளைகளில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் நினைவில் வரிசையாக வந்தது. ஆச்சு. பரவால்ல. இங்க நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் பிரச்னை இல்ல. ஒரு சொல், இரண்டு சொல்.

ஒப்பந்தம் மீண்டும் முடியும் காலம் வந்தது. ஆக்லாந்தில் வேலை தேடுவதாகச் சொல்லியிருந்தார். ஒனிஹங்காவில், துறைமுகத்துக்கு அருகே, மீன் பதப்படுத்தும் குளிர்க்கிடங்கு ஒன்றில் அவர் தொழிலுக்கே அளவெடுத்துத் தைத்ததுபோன்ற வேலையொன்று விளம்பரத்தில் வந்திருந்தது. அதை அவருக்கு அனுப்பியிருந்தேன். சில வாரங்களாகியும் அவராக அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை மழை. துணிகள் வீட்டுக்குள்ளேயே நாற்காலிகள்மேல் தொங்கின. மகள் தன் அறையில் இருந்தாள். ஆட்டத்தின் நடுவே அவர் திடீரென்று தம்மிடமிருந்த அனைத்தையும் நடுவில் தள்ளினார். தொலைபேசியில் சத்தமில்லை. என்னிடம் ஓர் இராசா மட்டும் இருந்தது. ஈடு வைத்தேன். அவர் சீட்டுகள் புரண்டன: ஒன்றுமில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றார்.

"தெரியும்."

தளம் எங்களிருவருக்கும் ஆட்டக்காசைப் புதிதாகப் பங்கிட்டுத் தந்து, அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஆட வேண்டியவர் அவர். நான் கேட்டேன்:

"ஏங்க, அந்த ஒனிஹங்கா வேலைக்குப் போட்டீங்களா?"

"போட்டாச்சு. வரல."

விரைவாக வந்தது, இரண்டே சொல்லாக வந்தது. மனம் பழக்கத்தினால் ஒதுங்கிக்கொள்ளப் பார்த்தது. சரி, அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்வதற்கு வாய் தயாராக இருந்தது. பல ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

"நீங்க போடல," என்றேன்.

திரையில் அவருடைய வட்டத்தைச் சுற்றி, அவருக்குரிய நேரத்தைக் காட்டும் பச்சைக் கோடு குறுகிக்கொண்டே வந்தது. மஞ்சளாயிற்று, சிவப்பாயிற்று, தீர்ந்தது. தளமே அவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு மறு ஆட்டம் வழங்கியது. அடுத்து ஆட வேண்டியவள் நான். நானும் ஆடவில்லை. என் கோடும் குறுகித் தீர்ந்தது. இப்படி எங்கள் இருவர் சீட்டையும் மாறிமாறிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, அந்த மேசை தானாகவே ஓய்ந்துபோயிற்று.

"போடல," என்றார் அவர்.

தொலைபேசியை அருகே இழுத்துக்கொண்டேன்.

"இதுக்கு மட்டும் இல்ல. எதுக்குமே போடல. போட்டா கூப்பிடுவான். கூப்பிட்டுச் சின்னப் பசங்க நாலு பேர் எதிர்ல உக்காந்துக்குவான். நான் இருவது வருஷம் செஞ்ச வேலைய என்கிட்டயே வெளக்கச் சொல்லிட்டு, அப்புறம் சாரின்னு எழுதுவான். இங்க யாரும் என்ன எதுவும் கேக்கறதில்ல. ராத்திரி முழுக்க நானும் திரையும்தான். அது எனக்குப் பழகிருச்சு. உங்கிட்ட என்ன சொல்றது?"

"நான் கேட்டது வேலை கெடைக்குமான்னு இல்லங்க. போட்டீங்களான்னு."

"கெடைக்கலேன்னா?"

"கெடைக்கலேன்னா புல்லு வெட்டுங்க. இடுப்பு வரைக்கும் வளந்து கெடக்கு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஓர் ஒலி அங்கிருந்து வந்தது. அன்று அதற்குமேல் ஆடவில்லை. தொலைபேசியை வைக்கவுமில்லை. அவர் படுக்கையில் சாய்ந்தார் என்பதும், தூங்கிவிட்டார் என்பதும் மூச்சின் ஒலியிலிருந்தே எனக்குத் தெரிந்தன.

விண்ணப்பிக்கத் தொடங்கினார். அந்த ஒனிஹங்கா வேலைக்குக் காலம் கடந்திருந்தது. வேறொன்றுக்கு அழைத்தார்கள், வருந்துகிறோம் என்று எழுதினார்கள். இன்னொன்றுக்கு அழைப்பே வரவில்லை. ஒப்பந்தத்தை ஆறு மாதம் மட்டும் நீட்டிக்கொண்டார். அந்த ஆறு மாதமும் அதற்கு முன்னிருந்த காலம் முழுவதையும்விட எனக்குக் கடினமாக இருந்தன. அவர் வரமாட்டார் என்று உள்ளூர எண்ணியிருந்தவரை என் ஏக்கம் படுத்துக் கிடந்தது. வரக்கூடும் என்றானபின் அது எழுந்து வீட்டில் நடமாடத் தொடங்கியது. வெள்ளிக்கிழமைகளில் பாலை வாங்கும்போது கூடுதலாக ஒரு புட்டி எடுத்துவிட்டு, பணம் செலுத்துமிடத்துக்குப் போகுமுன் திரும்பவும் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அவருடைய பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றுவதை நிறுத்தியிருந்தேன்; மீண்டும் மாற்றத் தொடங்கினேன். சனிக்கிழமை பதினொன்று மட்டும் மாறாமல் இருந்தது. இந்நாட்டில் கோடையை முன்னிட்டுக் கடிகாரத்தை ஒருமணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் பருவம் வந்தபோதுகூட, அவர் பக்கத்து நேரத்தைக் கணக்கிட்டு, பன்னிரண்டு மணிக்கு அமர்ந்தோம். வெறுங்கையை இப்போதெல்லாம் அவர் மறைப்பதில்லை. "ஒண்ணுமில்லம்மா, சும்மா தள்றேன்," என்று சொல்லிவிட்டே தள்ளுவார். அதையும் நம்பக்கூடாது என்று சில வாரத்தில் கற்றேன்.

கோடை தொடங்கிய சமயத்தில் ஒனிஹங்காவிலேயே வேறொரு சிறிய குளிர்சாதனப் பணிமனை அவரை எடுத்துக்கொண்டது. ஊதியம் குறைவு. நேர்காணல் செய்தவர் ஒருவர்தானாம், வயதானவர், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்காமல், பழுதான ஓர் இயந்திரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாராம்.

வந்த மறுவாரமே கொட்டகைக்குப் போனோம். அவருடைய பழைய நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"வாங்கோ வாங்கோ! மனிசி இல்லாமல் மெலிஞ்சு போனியள்," என்றார் அண்ணர்.

"அந்த ஊர் மூடி ஏதும் கொண்டு வந்தீங்களா?" என்றார் ஈப்போ அக்கா. "கொண்டு வந்தாலும் இங்க செல்லாது லா. வெளிநாட்டுக் காசு."

மகள் இப்போது அந்தச் சோபாவில் கால் நீட்டிப் படுக்க முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தாள். ஆட்டம் பழையபடியே நடந்தது. ஒன்பது பேரின் இரைச்சல், கொட்டகைக் கதவின்மேல் மழை, இடியப்பத்தின் மணம். அந்த மாலையின் கடைசி ஆட்டங்களில் ஒன்றில் எனக்குச் சோடி இராணிகள் வந்தன. ஏற்றினேன். ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள். என் கணவர் மட்டும் ஈடு வைத்தார். வைத்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

அண்ணரின் கை மேசையில் விழுந்தது. "வீட்டுக் கணக்கை வீட்டில பாருங்கோ!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் என் இராணிகளைக் கட்டுக்குள் செருகினேன். எதிரே அவர் தம் சீட்டுகளை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, அவற்றையும் செருகினார். மூடிகளைப் பாதியாகப் பிரித்தோம். ஒற்றைப்படையாக ஒரு பச்சை மிஞ்சியது. அதை அக்காவிடம் கொடுத்துவிட்டோம்.

அவர் இல்லாத காலத்தில் மவுண்ட் ரோஸ்கிலிலிருந்து மேற்கே போகச் சுரங்கப்பாதை ஒன்று திறந்திருந்தது. "நேரா அதுல போயிட்டா சீக்கிரம் போயிரலாங்க," என்றேன். "என்ன அவசரம்?" என்று சொல்லி, அவர் பழைய வழியிலேயே வண்டியைத் திருப்பினார்: அவண்டேல், நியூ லின், ஹெண்டர்சன் என்று விளக்குக்கு விளக்கு நின்று போகும் வழி.

சனிக்கிழமை பதினொன்றானால் இப்போதும் என் கை கணினியைத் தேடுகிறது. அவர் தோட்டத்தில் இருப்பார், புல்வெட்டும் இயந்திரத்தின் ஓசை கேட்கும், ஆனாலும் தேடும். அந்த இருவர் மேசையை நாங்கள் மீண்டும் திறக்கவில்லை. வீட்டில் ஒருவர் எதிரே ஒருவராக அமர்ந்து ஆடிப் பார்த்தோம். ஒரு மாலைக்கு மேல் நிலைக்கவில்லை. அத்தனை தொலைவிலிருந்துகொண்டு, ஒரு மனிதரின் குரலைமட்டும் வைத்து அவரை முழுவதுமாக உற்றுக் கேட்ட அந்த முற்பகல்கள் எனக்கு வேண்டியிருக்கின்றன. அவற்றை வேண்டுவது அவர் இல்லாமையை வேண்டுவதாகும் என்பதால் எவரிடமும் சொல்வதில்லை.

கொட்டகையிலிருந்து திரும்பிய அன்றிரவு வண்டியில் நான் கேட்டேன்: "என்ன வச்சிருந்தீங்க?"

"வீட்டுக் கணக்கு," என்றார்.

சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. பணிமனையில் தம்மோடு வேலை செய்யும் தொங்காத் தீவுக்காரர் ஒருவர் மதிய உணவுக்குக் கொண்டுவரும் மரவள்ளிக் கிழங்கைப் பற்றிச் சொன்னார். அதற்குத் தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொள்ளலாம் என்று அவருக்கு இவர் கற்பித்தாராம். நியூ லின்னில் நாங்கள் முதன்முதலில் வாடகைக்கிருந்த வீட்டைக் கடக்கும்போது, அந்த வீட்டுக் குளியலறைக் குழாயைப் பற்றிச் சொன்னார். அங்கிருந்து எப்படியோ ஒரு கங்காருவுக்குப் போனார். பின்னிருக்கையில் காதிலிருந்து ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டு மகள், "டாட் டஸின்ட் ஸ்டாப் டாக்கிங் நௌ," என்றாள்.

அப்பா இப்போதெல்லாம் பேச்சை நிறுத்துவதேயில்லை என்கிறாள். அவருடைய பேச்சில் நான் கண்டுகொண்டதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் மாற்றிக்கொண்டுவிடுவார். மழைத்துடைப்பான் கண்ணாடியில் போய்வந்துகொண்டிருந்தது. ஹெண்டர்சனைத் தாண்டியும், ரானுயி நிலையத்தைத் தாண்டியும், வண்டி எங்கள் வாசலில் நின்று இயந்திரம் அணைந்த பிறகும், அவர் பேசிக்கொண்டேயிருந்தார்.